நடு எங்கே இருக்கிறது? படத்தில் ‘கான்ட்ராஸ்ட்’ ஏற்றுவது பற்றிச் சில குறிப்புகள்

பெரியம்மா செத்துப்போனபோது கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்கு ஒரு படம் தேவைப்பட்டது. இருந்தது ஒன்றே ஒன்று. ஏதோ கல்யாண வீட்டில், சாமியானா நிழலில் யாரோ எடுத்த பழைய பிரிண்ட். கையைக் கன்னத்தில் வைத்து உட்கார்ந்திருக்கிறாள். ஆதம்பாக்கத்தில் எங்கள் தெருமுனை ஸ்டுடியோவில் கொண்டுபோய்க் கொடுத்தேன். கம்ப்யூட்டர் முன்னால் இருந்த தம்பி ஸ்கேன் பண்ணிப் பார்த்துவிட்டு, ‘ரொம்ப டல்லா இருக்கு சார், கான்ட்ராஸ்ட் ஏத்தினா பளிச்சுனு வந்துடும்’ என்றார். ஏற்றினார். பளிச்சென்றுதான் வந்தது. பின்னாலிருந்த சுவர் வெள்ளையாயிற்று; புடவையின் ஜரிகைக் கரை எடுப்பாகத் தெரிந்தது. ஆனால் முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை அவள் குத்தியிருந்த பச்சையைக் காணோம். ‘எங்கம்மா கையில பச்சை இருக்கும்டா, எங்க போச்சு?’ என்று அக்கா கேட்டபோது போஸ்டர் சுவரில் ஒட்டியாகிவிட்டது.

செங்கல்பட்டுப் பக்கத்து ஊரொன்றில் சிறு வயதில் குத்திய பச்சை அது. வேளச்சேரிப் பக்கம் வீடுகள் எழும்பிய காலத்தில் சித்தாளாகக் கல் சுமந்தவள். கையெழுத்துப் போடத் தெரியாது. அவள் உடம்பில் இருந்த ஒரே எழுத்து அந்தப் பச்சைதான். அதை யாரும் வேண்டுமென்று அழிக்கவில்லை. திரையில் இருந்த ஒரு குமிழை வலப்பக்கம் கொஞ்சம் நகர்த்தினார்கள், அவ்வளவுதான். யாரும் அழிக்காமலே ஒன்று அழிவது எப்படி என்பதைத்தான் இங்கே பார்க்க வேண்டியிருக்கிறது.

1

‘கான்ட்ராஸ்ட்’ என்பதற்கு நம்மிடம் நிலைத்த சொல் இல்லை. மாறுபாடு, வேறுபாடு என்று ஆளுக்கொன்று எழுதுகிறோம். எனக்கு ‘முரண்’ என்ற யாப்புச் சொல் பொருத்தமாகப் படுகிறது. முரண் தொடையில் ஒரு சொல் தனியாக முரணாக முடியாது. எதிரே இன்னொன்று வேண்டும். படத்திலும் இதே கதைதான். ஒரு கறுப்புக்குத் தன்னளவில் முரண் கிடையாது. பக்கத்தில் இருக்கும் வெளிச்சத்தோடு அது கொள்ளும் தூரம்தான் முரண். அந்தத் தூரத்தை இழுத்து நீட்டுவதைத்தான் மென்பொருள் செய்கிறது.

எப்படி நீட்டுகிறது? கறுப்பு வெள்ளைப் படமொன்றின் ஒவ்வொரு புள்ளிக்கும் கணினி ஓர் எண் வைத்திருக்கிறது. முழுக் கறுப்பு 0, முழு வெள்ளை 255, நடுச் சாம்பல் 128. எளிய, பழைய முறையில் முரணை ஒன்றரை மடங்கு ஏற்றுவதென்றால் கணக்கு இதுதான்: ஒவ்வோர் எண்ணும் 128இலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கிறதோ அதை ஒன்றரையால் பெருக்கி மறுபடி 128ஓடு சேர்ப்பது. 170 இருந்தால் 191 ஆகும். 80 இருந்தால் 56 ஆகும். வெளிச்சம் மேலும் வெளிச்சமாகிறது, நிழல் மேலும் நிழலாகிறது. படம் ‘பளிச்’ என்று ஆவது இதனால்தான்.

இப்போது நிழலிலிருந்த கைக்கு வருவோம். தோலின் எண் 42, அதன்மேல் இருந்த பச்சையின் எண் 32 என்று வைத்துக்கொள்ளுங்கள். கணக்குப்படி ஒன்று 0க்கு ஒன்று குறைவாகவும், மற்றது 16 குறைவாகவும் போகிறது. 0க்குக் கீழே கணினியிடம் இடம் இல்லை. ஆகவே இரண்டும் 0. பத்து எண் வித்தியாசத்தில் இருந்த பச்சை, தோலோடு ஒன்றாகிக் கறுப்பில் கரைந்துவிட்டது. அப்படியே சேமித்தபின் முரணைத் திரும்பக் குறைத்தாலும் வராது. இரண்டு 0களில் எது பச்சை, எது தோல் என்று கணினிக்குத் தெரியாது.

2007இல் வந்த ஃபோட்டோஷாப் சிஎஸ்3 இந்த முரட்டுக் கணக்கை மாற்றியது. ஓரங்களை ஒரேயடியாக வெட்டாமல் நெருக்கி அடுக்குகிறது. பழைய முறையையும் வேண்டுபவர்களுக்காகத் தனியே வைத்திருக்கிறார்கள். ஆனால் வெட்டினாலும் நெருக்கினாலும் அடிப்படை ஒன்றே. 0 முதல் 255 வரை உள்ள இடம் கூடுவதில்லை. நடுவில் இருக்கும் சாயல்களை விலக்கி வைக்க வேண்டுமென்றால் ஓரத்தில் இருப்பவற்றை நெருக்கித்தான் ஆகவேண்டும். ‘கான்ட்ராஸ்ட் சேர்ப்பது’ என்கிறோம். உண்மையில் சேர்ப்பு எதுவும் நடப்பதில்லை. ஒருவரிடமிருந்து எடுத்து இன்னொருவருக்குக் கொடுக்கும் பங்கீடுதான் நடக்கிறது.

பங்கீடு என்று வந்துவிட்டால் கேள்வி அரசியல் கேள்வியாகிறது. யாரிடமிருந்து எடுத்து யாருக்கு?

2

128 என்ற நடுவை நகர்த்திப் பாருங்கள். அதே ஒன்றரை மடங்கு, ஆனால் 40ஐ நடுவாக வைத்துக் கணக்கிடுவோம். 42 இருந்த தோல் 43 ஆகிறது. 32 இருந்த பச்சை 28 ஆகிறது. பத்து எண் தூரம் பதினைந்தாகிவிட்டது. பச்சை முன்னைவிட நன்றாகத் தெரியும். விலை? 184க்கு மேல் இருந்த எல்லாம் 255 ஆகி, சுவரும் ஜரிகையும் வெறும் வெள்ளையாகும். பெரியம்மாவின் கை வேண்டுமா, கல்யாண வீட்டுச் சுவர் வேண்டுமா என்பதுதான் விஷயம். சாதாரணக் குமிழ் இந்தக் கேள்வியை நம்மிடம் கேட்பதே இல்லை. சுவருக்குச் சாதகமாக முன்கூட்டியே தீர்ப்புச் சொல்லிவிடுகிறது.

‘நடுவு நிலைமை’ என்று வள்ளுவர் ஓர் அதிகாரமே வைத்தார். நடு எங்கே என்று குறிப்பதும் ஓர் அதிகாரம்தான். புகைப்படத்தில் அதைக் குறித்தவர்கள் யார்?

18 சதவீத ஒளியைத் திருப்பி அனுப்பும் சாம்பல் அட்டை புகைப்படக்காரர்களின் நெடுநாளைய அளவுகோல். ஆன்சல் ஆடம்சும் ஃபிரெட் ஆர்ச்சரும் 1939-40 வாக்கில் வகுத்த மண்டல முறையில், முழுக் கறுப்பிலிருந்து முழு வெள்ளைவரை 0 முதல் 10 வரை மண்டலங்கள். 5 நடு. வெள்ளையரின் தோல் வெயிலில் 6ஆம் மண்டலத்தில் உட்காரும் என்பது அதன் இலக்கணம். கறுத்த தோலுக்கும் அதில் இடம் உண்டு, 5இல். ஆனால் ‘சராசரித் தோல்’ என்றால் எது என்பதில் அங்கே சந்தேகமில்லை.

1950களில் கோடக் நிறுவனம் அச்சுக்கூடங்களுக்கு ஓர் அட்டையை அனுப்பத் தொடங்கியது. நிறம் சரியாக வந்திருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்ப்பதற்கான அட்டை. அதில் ஒரு வெள்ளைப் பெண். முதலில் மாடலாக இருந்த கோடக் ஊழியரின் பெயரால் அதற்கு ‘ஷெர்லி அட்டை’ என்று பெயர். ஷெர்லியின் முகம் சரியாக வந்தால் இயந்திரம் சரி. கறுப்புக் குழந்தைகள் பள்ளிக்கூடப் படங்களில் கண்ணும் பல்லும் மட்டுமாகத் தெரிந்தால் அது இயந்திரத்தின் குற்றமாகக் கருதப்படவில்லை. லோர்னா ரோத் 2009இல் வெளியிட்ட ஆய்வு இன்னொன்றையும் சொல்கிறது. கரும்பழுப்புச் சாயல்களைப் பிரித்துக் காட்டும்படி ஃபிலிமைத் திருத்தக் கோடக்கைத் தூண்டியவர்கள் சாக்லேட் கம்பெனிகளும் மரச்சாமான் கம்பெனிகளும். விளம்பரத்தில் ஒரு மரத்துக்கும் இன்னொரு மரத்துக்கும் வித்தியாசம் தெரியவில்லை என்பது அவர்கள் குறை. மனிதத் தோலுக்குக் கிடைக்காத கவனம் மேசை நாற்காலிக்குக் கிடைத்தது!

நம் ஊர்க் கதை இதற்கு விலக்கா? ஊட்டியில் 1960இல் தொடங்கிய இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் ‘இந்து’ என்ற பெயரில் கறுப்பு வெள்ளை ஃபிலிமும் தாளும் தயாரித்தது. இன்று அது இயங்கவில்லை. மென்மை, நடுத்தரம், கடினம் என்று புரோமைடு தாள்கள் தரவாரியாக வந்த காலம் அது. முரணைத் தாளைக் கொண்டே கூட்டலாம், குறைக்கலாம். உள்நாட்டில் தாள் வந்துவிட்டதால் உள்நாட்டு முகம் நடுவுக்கு வந்துவிடவில்லை. ஸ்டுடியோக்களில் நெகட்டிவ்மேல் பென்சிலால் ‘டச்சப்’ செய்து முகத்தை வெளுப்பாக்குவது ஒரு தனித் தொழிலாக இருந்தது. மணமகள் தேவை விளம்பரத்தில் ‘மாநிறம்’ என்று எழுதும் சமூகம், படத்தில் மாநிறத்தையும் தாங்காது. ஆகவே ஷெர்லியை மட்டும் திட்டிவிட்டு நாம் தப்பித்துக்கொள்ள முடியாது.

3

முரண் கூடினால் எப்போதும் கெடுதல் என்று சொல்ல வரவில்லை. ஆல்பெர்ட்டோ கோர்டா 1960 மார்ச் 5இல் எடுத்த சே குவேராவின் படத்தை 1968இல் ஜிம் ஃபிட்ஸ்பேட்ரிக் வெறும் இரண்டு மூன்று தட்டை நிறங்களாக்கினார். சாம்பல் முழுவதும் போய்விட்டது. போனதனால்தான் யாரும் ஒரு ஸ்டென்சிலை வெட்டி எந்தச் சுவரிலும் அதை அடிக்க முடிந்தது. பெரியாரின் தாடியும் அம்பேத்கரின் கண்ணாடியும் நம் சுவர்களில் இப்படித்தான் வாழ்கின்றன. முரணை உச்சத்துக்கு ஏற்றும்போது ஒரு முகம் குறியாகிறது. தலைவருக்கு அது ஒருவகை நீடித்த ஆயுள்.

ஆனால் குறியாவதற்கு முன்பே ஆயிரம் முறை அறியப்பட்ட முகம் அது. யாருக்கும் தெரியாத ஒருத்தியின் முகத்தில் சாம்பலை எடுத்துவிட்டால் மிஞ்சுவது என்ன? ‘ஏழைக் கிழவி’ என்ற பொது வகைதான். 1876-78 பஞ்சத்தின்போது சென்னை ராஜதானியில் ராணுவ அதிகாரி வில்லோபி வாலஸ் ஹூப்பர் எடுத்த படங்களை எடுத்துக்கொள்ளுங்கள். வற்றிய மனிதர்களைக் கூட்டமாக உட்கார வைத்து எடுத்தவை. அவற்றில் ஒன்றைத் திரையில் திறந்து முரணை ஏற்றினால் விலா எலும்புகள் முன்னே வரும், ஏனெனில் விலா என்பது படத்தில் வெளிச்சமும் நிழலும் மாறி மாறி வரும் கோடுகள்தாம். அதே நேரம் குழிவிழுந்த கண்கள் கறுப்பில் மூழ்கும். பசி பெரிதாகும், பசித்தவர் காணாமல் போவார். பஞ்சத்தைப் பற்றி எழுதும் நாம் அட்டைக்கு எதைத் தேர்ந்தெடுக்கிறோம்?

முரணோடு இருட்டையும் சேர்த்தால் குற்றவாளியை உருவாக்கலாம். 1994 ஜூன் 27 தேதியிட்ட ‘டைம்’ இதழ், கைதான ஓ. ஜே. சிம்சனின் காவல்துறைப் படத்தைக் கறுப்பாக்கி அட்டையில் போட்டது. அதே வாரம் ‘நியூஸ்வீக்’ அதே படத்தை அப்படியே வெளியிட்டது. பெட்டிக்கடையில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் தொங்கியதால்தான் ஊர் கண்டுபிடித்தது. ஒன்று மட்டும் தொங்கியிருந்தால்?

4

செயல்பாட்டாளர்களுக்கு இது வெறும் அழகியல் பிரச்சினை அல்ல. உண்மை அறியும் குழுக்களில் போகிறவர்கள் அறிவார்கள்: லத்தியடிக் கன்றல் கறுத்த தோலில் எளிதில் படமாகாது. தோலுக்கும் கன்றலுக்கும் இடையே சில எண்களே தூரம், பெரியம்மாவின் பச்சையைப் போல. போன் கேமராவோ வாட்ஸப்பில் அனுப்பும் வசதியோ அந்தத் தூரத்தையும் தின்றுவிடலாம். அறிக்கையில் போடுவதற்கு முன் ‘தெளிவாகட்டும்’ என்று வழக்கமான குமிழைத் திருப்பினால் காயமே மறையலாம். நடுவைத் தோலில் வைத்துத் திருப்பினால் காயம் தெரியும். ஆனால் எதிர்த்தரப்பு ‘படத்தைத் திருத்திவிட்டார்கள்’ என்று எழுந்து நிற்கும்.

இதற்கு வழி ஒன்றுதான். மூலக் கோப்பில் கை வைக்காதீர்கள். நகலில் மட்டும் வேலை செய்யுங்கள். என்ன செய்தீர்கள் என்று படத்தின் கீழே ஒரு வரி எழுதுங்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாட்சிய அதினியத்தின் 63ஆம் பிரிவு, மின்னணு ஆவணத்தோடு தரவேண்டிய சான்றிதழில் கோப்பின் ‘ஹாஷ்’ எண்ணையும் கேட்கிறது. கோப்பில் ஒரு புள்ளி மாறினாலும் அந்த எண் மாறிவிடும். ஆகவே எடுத்த படம் எடுத்தபடியே எங்காவது இருந்தாக வேண்டும். பத்திரிகை உலகமும் இதை லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. 2015இல் உலகப் பத்திரிகைப் புகைப்படப் போட்டியில், இறுதிக்கு முந்தைய சுற்றுக்கு வந்த படங்களில் சுமார் 20 சதவீதம் தள்ளுபடியாயின. சிலவற்றில் ஏதும் வெட்டியோ ஒட்டியோ இருக்கவில்லை. சாயலை அளவுக்கு மீறி மாற்றியதே போதுமான குற்றமாயிற்று.

5

போஸ்டர் போனது போனதுதான். பதினாறாம் நாளுக்குச் சட்டம் போட்டு மாட்ட ஒரு படம் வேண்டியிருந்தது. மறுபடி அதே ஸ்டுடியோ, அதே தம்பி. அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஒரு படத்துக்கு ஐந்து நிமிஷம் என்று தொழில் அவருக்கு விதித்திருக்கிறது. ‘தம்பி, கைய மட்டும் பாருங்க’ என்றேன். அவர் குமிழை விட்டுவிட்டு ‘கர்வ்ஸ்’ என்ற கட்டத்தைத் திறந்தார். மூலையிலிருந்து மூலைக்கு ஒரு சாய்கோடு. கோடு எங்கே செங்குத்தாகிறதோ அங்கே சாயல்கள் விலகும். எங்கே படுக்கிறதோ அங்கே நெருங்கும். கோட்டின் அடிப்பகுதியைப் பிடித்து மேலே தூக்கினார். கை வெளுத்துவிடுமோ என்று பயந்தேன். தூக்கிய இடத்துக்கு மேலே இன்னொரு புள்ளி வைத்து இறுக்கினார். பிறகு கையை மட்டும் சுற்றி வளைத்து மாற்றத்தை அங்கேயே நிறுத்தினார். முகம் அப்படியே இருந்தது, சுவரும் பிழைத்தது. இருட்டறையில் கையை ஆட்டி ஓரிடத்துக்கு மட்டும் வெளிச்சத்தை மறைத்தவர்கள் செய்த வேலைதான் இது.

சிறுபத்திரிகை நடத்தும் நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. ஆஃப்செட்டில் சொரசொரப்பான தாளில் மை பரவும். புள்ளிகள் ஊதிப் பெருக்கும். நிழல் தானாகவே இன்னும் கறுக்கும். திரையில் பளிச்சென்று இருக்கிற படம் அச்சில் கரிக்கட்டையாக வருவது இதனால்தான். அச்சுக்குப் போகும் முன் நிழலைக் கொஞ்சம் திறந்து அனுப்புங்கள். நம் பத்திரிகைகளில் தலித் பெண்களின் படங்கள் அடையாளம் தெரியாத கறுப்புத் திட்டுகளாக வந்ததற்குக் காசில்லாததை மட்டும் காரணம் சொல்லிக்கொண்டிருக்க முடியாது.

திரையில் பச்சை மெல்ல எழுந்து வந்தது. ஒரு கோலம், அதன் கீழே ஒரு தேள். தம்பி படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, ‘எங்க ஆயா கையிலயும் இதே மாதிரி இருக்கும் சார்’ என்றார்.