பாறைக்கு எண் போடும் கலை

எண்ணெய்க் கிணறு தோண்டும்போது நொறுங்கும் பாறைச் சில்லுகள் சேற்றோடு மேலே வரும். நிலவியலாளர் அவற்றைக் கழுவி நுண்ணோக்கியில் பார்ப்பார். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டு விடுவார். பொங்கி நுரைத்தால் சுண்ணாம்புக்கல்; மந்தமாகக் குமிழிட்டால் டோலமைட். பிறகு எழுதுவார்: ‘வெளிர்பழுப்பு டோலமைட், சர்க்கரை போன்ற மணிகள், நுண்துளை சுமார், எண்ணெய்க் கறை உண்டு.’

ஒரு கிணற்றுக்கு இது போதும். 1947 பிப்ரவரியில் லெடுக்கில் எண்ணெய் கிடைத்தபின் கனடாவின் ஆல்பர்ட்டாவில் கிணறுகள் பெருகின. அப்படிப்பட்ட இடத்தில் ஒருவரின் ‘சுமார்’ இன்னொருவருக்கு ‘நல்லது’. ஆயிரக்கணக்கான குறிப்பேடுகளை ஒப்பிட வேண்டுமானால், பாறை வகை, நிறம், மணியளவு, நுண்துளை, கறை என ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம் ஒதுக்கி, அதில் எண்ணை நிரப்புவதே வழி.

ஷெல் நிறுவனத்தின் கஸ் ஆர்ச்சி 1952இல் சுண்ணாம்பு, டோலமைட் பாறைகளுக்கு வகுத்த முறை இன்றும் வியக்க வைக்கிறது. இறுகிய பாறை 1, சாக்கட்டி போன்றது 2, மணிமணியானது 3. நுண்ணோக்கியில் துளை எப்படித் தெரிகிறது என்பதற்கு ஏ முதல் டி வரை எழுத்து. துளையே தெரியாவிட்டால் ஏ. தெரிந்தாலும் 0.1 மில்லிமீட்டருக்குக் குறைந்த துளை பி. அதைவிடப் பெரியது சி. டி தான் சுவாரசியம்: துளை சில்லைவிடப் பெரியது, ஆகவே சில்லில் துளையே தெரியாது! சில்லின் முகத்தில் படிகம் வளர்ந்திருப்பதை வைத்து ஊகிக்க வேண்டும். நாம் பார்த்த டோலமைட்டின் துளைகள் பி அளவில் இருந்தால், அது ‘3 பி’ என்று சுருங்கிவிடும்.

ஆனால் எல்லா எண்ணும் கணக்குக்கு உதவாது. மணியளவுக்கான ஃபை அளவுகோலில் விட்டம் பாதியானால் எண் ஒன்று கூடும்: 1 மில்லிமீட்டருக்கு 0, அரைக்கு 1, காலுக்கு 2. இதைச் சராசரி எடுக்கலாம். சுண்ணாம்புக்கல்லுக்கு 1, மணற்கல்லுக்கு 2, டோலமைட்டுக்கு 3 என்று வைத்தால் அவை வெறும் பெயர்ச்சீட்டுகள். பாதி சுண்ணாம்பும் பாதி டோலமைட்டுமான அடுக்கின் சராசரி 2. அதாவது, துளிகூட மணல் இல்லாத இடத்தில் மணற்கல்! கணினி இதைத் தயங்காமல் செய்து தரும்.

இதைவிட விஷமமானது வெற்றுக் கட்டம். பழைய குறிப்பில் கறையைப் பற்றிப் பேச்சே இல்லையென்றால், கறை இல்லையா, அவர் பார்க்கவில்லையா என்று படிப்பவர் யோசிப்பார். எண்ணாக்கும்போது அங்கே 0 விழுந்தால் ‘கறை இல்லை’ என்பது முடிவாகிவிடும். எண்ணெய் இருந்த அடுக்கும் தள்ளுபடியாகலாம். ‘பார்க்கவில்லை’ என்பதற்குத் தனி எண் வேண்டும் என்பேன். ஆல்பர்ட்டாவில் ஒரு வசதி உண்டு. கால்கரியில் உள்ள அரசு மையத்தில் பழைய கிணறுகளின் சில்லுகள் சேமித்து வைக்கப்பட்டுள்ளன. எண்ணில் சந்தேகம் வந்தவர் அங்கே போய் மறுபடி நுண்ணோக்கியில் பார்த்துக்கொள்ளலாம்.