காலி மனை வாடகை தராது... சென்னை ஐ.டி. கட்டிட வாடகையில் விருத்தாசலத்துக்காரருக்கும் பங்கு!

விருத்தாசலம்:
"மண்ணுல போட்ட காசு வீண் போகாது" என்பது நம்மூர் பெரியவர்கள் வாக்கு. அகல்விளக்கு, பொம்மை, பீஸ் கேரியர் என செராமிக் வேலையில் சிறுகச் சிறுக சேர்த்தவரானாலும் சரி, பக்கத்தில் நெய்வேலியில் ரிட்டயர்டு ஆகி மொத்தமாக பணம் வாங்கியவரானாலும் சரி, முதலில் தேடுவது ஒரு மனையைத்தான். ஆனால் காலி மனை மாதாமாதம் சோறு போடாது. அவசரத்துக்கு விற்கப் போனால் ஆள் கிடைப்பதும் கஷ்டம்.

இதற்கு இன்னொரு வழிதான் 'ரெய்ட்' எனப்படும் ரியல் எஸ்டேட் முதலீட்டு அறக்கட்டளை. பலரிடம் பணம் திரட்டி பெரிய ஆபீஸ் கட்டிடம், ஷாப்பிங் மால்களை வாங்கி, வரும் வாடகையை பங்கு போட்டுக் கொடுப்பதுதான் இதன் வேலை.

ரூல்ஸ் என்ன?

செபி இதற்கான விதிகளை 2014-ல் கொண்டு வந்தது. சொத்தில் குறைந்தது 80 சதவீதம் கட்டி முடித்து வாடகை வரும் கட்டிடமாக இருக்க வேண்டும். செலவு போக கையில் நிற்கும் பணம் 100 ரூபாய் என்றால் 90 ரூபாயை முதலீட்டாளர்களுக்கு பிரித்துக் கொடுத்தே ஆக வேண்டும்.

நாட்டின் முதல் ரெய்ட்டான எம்பசி, 2019 ஏப்ரலில் பங்குச் சந்தைக்கு வந்தது. அந்த வெளியீட்டில் பணம் போட குறைந்தபட்சம் 2 லட்சம் ரூபாய்க்கு மேல் வேண்டியிருந்தது. 2021-ல் இந்த விதி தளர்த்தப்பட்டது. இப்போது டீமேட் கணக்கு இருந்தால் ஒரே ஒரு யூனிட்டைக்கூட சில நூறு ரூபாய்க்கு வாங்கலாம். வேண்டாம் என்றால் சந்தையில் விற்று விடலாம். பத்திரப்பதிவு, பட்டா அலைச்சல் கிடையாது.

சென்னை வடபழனி விஜயா மால் நெக்சஸ் ரெய்ட்டிலும், போரூர் காமர்சோன் ஐ.டி. வளாகம் மைண்ட்ஸ்பேஸ் ரெய்ட்டிலும் உள்ளன. ஒரே மனையில் மொத்த காசையும் முடக்காமல், பல ஊர் கட்டிடங்களில் பிரித்துப் போட்ட மாதிரி ஆகிவிடும்.

எவ்வளவு கிடைக்கும்?

உதாரணத்துக்கு ஆண்டுக்கு 6 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், ஒரு லட்சம் ரூபாய்க்கு வருஷத்துக்கு 6 ஆயிரம். இது கணக்குக்காக சொல்வதுதான், கேரண்டி அல்ல. வருகிற பணத்தில் வட்டி, டிவிடெண்ட் என பல பகுதிகள் இருக்கும். வட்டிப் பகுதி உங்கள் வருமானத்தோடு சேர்ந்து வரிக்கு வரும்.

ரிஸ்க் உண்டா?

நிச்சயம் உண்டு. இது பேங்க் டெபாசிட் இல்லை. டெபாசிட்டுக்கு உள்ள 5 லட்சம் ரூபாய் வரையிலான காப்பீடு இதற்கு கிடையாது. வாடகைக்கு இருக்கும் கம்பெனி காலி செய்தால் வருமானம் குறையும். விலையும் ஏறி இறங்கும். 2021-ல் 275 ரூபாய்க்கு வெளியான புரூக்பீல்டு யூனிட், 2023-ல் 250 ரூபாய்க்கும் கீழே கைமாறியது. அந்த நேரத்தில் மகள் கல்யாணம் வந்து விற்றவருக்கு முதலிலேயே நஷ்டம்தான்.

போலிகள் ஜாக்கிரதை

"நிலத்துல பணம் போடுங்க, டபுளா தர்றோம்" என்று வீடு தேடி வருபவர்களை நம்பி ஏமாந்த கதை புதிதல்ல. பி.ஏ.சி.எல். நிறுவனம் நிலத்தின் பெயரால் மக்களிடம் சுமார் ரூ.49 ஆயிரத்து 100 கோடி திரட்டியது. அதை திருப்பிக் கொடுக்க 2014-ல் செபி உத்தரவிட்டது. நிலங்களை விற்று பணத்தை பட்டுவாடா செய்ய, 2016-ல் சுப்ரீம் கோர்ட்டு உத்தரவுப்படி முன்னாள் தலைமை நீதிபதி லோதா தலைமையில் கமிட்டியே அமைக்க வேண்டி வந்தது.

ரெய்ட் யூனிட்டை பங்குச் சந்தையில் டீமேட் கணக்கு மூலம் வாங்குவதே பாதுகாப்பான வழி. "கையில ரொக்கமா கொடுங்க, ரசீது தர்றோம்" என்று யாராவது சொன்னால் அங்கேயே நிறுத்திக் கொள்ளுங்கள். பெயரை செபி இணையதளத்தில் உள்ள பதிவுப் பட்டியலில் சரிபார்க்கலாம்.

மருத்துவம், படிப்பு, கல்யாணத்துக்கு வைத்த பணத்தை இதில் போட வேண்டாம். 5 வருஷத்துக்கு தேவைப்படாத காசில் ஒரு சிறு பகுதியை மட்டும் போட்டுப் பார்ப்பதே புத்திசாலித்தனம்.