நுண்ணலையில் நிறம் பெறும் சீனி

வெண்மையான சீனிக்கு இனிப்பு உண்டு, மணம் இல்லை. அதனை உரிய அளவிற் சூடாக்கினால் பொன்னிறம் தோன்றுகிறது; மெல்லிய கைப்பு ஒன்று இனிப்போடு கலக்கிறது; வீடெங்கும் நறுமணம் பரவுகிறது. அளவு சிறிது மீறினாலோ அதே சீனி கரியாகிப் புகைகிறது. வெண்மைக்கும் கரிக்கும் இடையிலுள்ள அந்தக் குறுகிய நிலையில் நிறுத்தப்பட்ட சீனியே கரமல் எனப்படுவது. அதனை விறகடுப்பிற் செய்வது ஒரு கலை. நுண்ணலை அடுப்பிற் செய்வதோ வேறொரு கலை. ஓர் அடுப்பில் தேர்ந்த கை மற்றையதில் ஏன் தவறுகிறது என்பதை அறிந்தால், சீனியும் மிஞ்சும். கையும் சுடாது தப்பும்.

ஹற்றனுக்குச் சற்றுக் கீழே, வட்டவளையைக் கடந்து ஏறும் புகையிரதப் பாதையில் அமைந்திருக்கிறது றொசல்ல என்னும் சிற்றூர். புகையிரதம் ஹற்றனை அடைந்தது 1884 ஆம் ஆண்டில். தேயிலைப் பெட்டிகள் அப்பாதையிற் கீழிறங்கின. அரிசியும் மாவும் சீனியும் மேலேறின. துரைமாரின் பங்களாக்களில் முட்டையும் பாலும் கலந்து வேகவைத்த கரமல் புடிங் விருந்தின் இறுதிப் பண்டமாயிற்று. அச்சின் அடியிற் கருக்கிய சீனியை ஊற்றி, அதன்மேற் பாற்கலவையை வார்த்து, வெந்தபின் தலைகீழாகக் கவிழ்ப்பார்கள்; பழுப்பு நிறப் பாகு மேலிருந்து வழியும். இன்று அப்பண்டம் பங்களாவுக்கு மட்டும் உரியதன்று. திருநாட்களிலும், பிள்ளைகளின் பிறந்தநாட்களிலும் சாதாரண வீடுகளிலும் அது செய்யப்படுகிறது. கிறிஸ்மஸ் கேக்குக்குக் கருநிறம் ஊட்டுவதற்கும் கருக்கிய சீனி பயன்படுகிறது.

பங்களாச் சமையற்காரர் கடிகாரத்தைப் பார்த்துச் சீனி கருக்கியவர் அல்லர். கண்ணும் மூக்குமே அவருடைய கருவிகள். நிறம் மாறத் தொடங்கியதும் சட்டியைச் சற்று உயர்த்துவார். மணம் கூர்மையடைந்ததும் இறக்கிவிடுவார். விறகின் தணல் அடியிலிருந்து மெல்ல மெல்லச் சுடும். சட்டியைச் சாய்த்தும் சுழற்றியும் வெப்பத்தைச் சமப்படுத்தலாம். நுண்ணலை அடுப்பிலோ கதவு மூடியிருக்கிறது. மணம் தாமதித்தே வெளிவருகிறது. கண்ணாடிக்குப் பின்னால் நிறமும் தெளிவாகத் தெரிவதில்லை. பழைய இரு கருவிகளும் அங்கே பாதி பயனற்றுப் போகின்றன.

வெப்பத்தினாற் சீனிக்கு நேர்வது என்ன? கரும்பிலிருந்து கிடைக்கும் சீனியின் ஒவ்வொரு மூலக்கூறும், குளுக்கோசு, புறுக்டோசு என்னும் இரண்டு எளிய வெல்லங்கள் பிணைந்த ஒரு சோடி. வெப்பம் ஏறும்போது அப்பிணைப்பு அறுகிறது. பின்னர் அவ்வெல்லங்களிலிருந்து நீர்க்கூறு பிரிகிறது. எஞ்சியவை ஒன்றோடொன்று கூடிப் புதிய பொருள்களாகின்றன. அவற்றுட் சில பழுப்பு நிறம் உடையவை, சில நறுமணம் உடையவை, சில கைப்பானவை. ஏறத்தாழ 160 பாகை செல்சியசில் இம்மாற்றம் கண்ணுக்குத் தெரியத் தொடங்குகிறது. 170 பாகையை அண்டி நல்ல பொன்னிறம் தோன்றும். 190 பாகையைக் கடந்தாற் கைப்பு மேலோங்கி, விரைவிற் கரியாகும். ஆகவே பக்குவத்துக்கும் பாழுக்கும் இடையே உள்ள தூரம் ஏறத்தாழ இருபது பாகையே. கரமலாக மாறிய சீனி முன்னைவிட இனிப்புக் குறைந்ததாக இருப்பதற்கும் காரணம் இதுவே: அதன் ஒரு பகுதி இப்போது சீனியாக இல்லை.

மலையகத்தில் ஓர் ஐயம் எழுதல் இயல்பு. கடலிலிருந்து ஆயிரம் மீற்றருக்கு மேலுள்ள றொசல்லவில் நீர் 100 பாகையிற் கொதிப்பதில்லை. ஏறத்தாழ 96 பாகையிலேயே கொதித்துவிடுகிறது. நுவரெலியாவில் அது இன்னும் குறையும். பருப்பு வேகக் கூடுதல் நேரம் பிடிப்பதற்குக் காரணம் இதுவே. அப்படியானாற் கரமலும் மலையில் வேறுபடுமா? நீர் இருக்கும் வரையில் வேறுபடும். பாகு சற்றுக் குறைந்த வெப்பத்திலேயே கொதிக்கும். நீர் முழுவதும் நீங்கிய பின்னரோ கொழும்பிலும் றொசல்லவிலும் சீனி ஒரே வெப்பத்திலேயே நிறம் மாறும். கருகும் சீனிக்கு மலையின் உயரம் ஒரு பொருட்டன்று.

இனி அடுப்பைப் பார்ப்போம். நுண்ணலையும் வானொலி அலையும் ஒரே இனத்தைச் சேர்ந்தவை. அலையின் நீளமே வேறு. பண்பலை ஒலிபரப்பின் அலை ஏறத்தாழ மூன்று மீற்றர் நீளமுடையது. சமையல் அடுப்பின் அலையோ பன்னிரண்டு சென்ரிமீற்றர் அளவினது. அது விநாடிக்கு 245 கோடி தடவை அதிர்கிறது. நீரின் மூலக்கூறுகள் அதற்கு இசையத் திரும்ப முயன்று ஒன்றோடொன்று மோதுகின்றன, அம்மோதலே வெப்பமாகிறது. அமெரிக்காவின் ரேதியன் நிறுவனத்தில் ராடர்க் கருவிகளுக்கான குழாய்களோடு பணியாற்றிய பேர்சி ஸ்பென்சரின் சட்டைப்பையில் இருந்த இனிப்புக் கட்டி உருகியதிலிருந்தே இவ்வடுப்பின் எண்ணம் பிறந்தது என்பர். அவர் 1945 இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1947 இல் வெளிவந்த முதல் அடுப்பு ஓர் ஆளின் உயரமும் முந்நூறு கிலோகிராமுக்கு மேற்பட்ட எடையும் உடையதாய் இருந்தது. மேசைமேல் வைக்கத்தக்க வீட்டு அடுப்பு 1967 இல் வந்தது.

மலையகத்தில் அது பரவலானது மிகப் பிற்காலத்தில். இலக்சபான மின்நிலையம் 1950 இல் இயங்கத் தொடங்கியது இதே மலைத்தொடரின் நீரைக் கொண்டுதான். ஆயினும் அம்மின்சாரம் லயன் அறைகளுட் பலவற்றை வந்தடைய நெடுங்காலம் சென்றது. இன்றும் தோட்டங்களில் விறகடுப்பே பெரும்பான்மை. புதிய அடுப்பு வாங்கிய வீட்டில், அதனைப் பழக்கிக் காட்ட மூத்தோர் இல்லை. பழைய அடுப்பின் அனுபவத்தையே புதியதன்மேல் ஏற்றுகிறார்கள். தவறு அங்கேதான் நேர்கிறது.

முதலாவது தவறு, உலர்ந்த சீனியை அப்படியே உள்ளே வைப்பது. இரும்புச் சட்டியில் உலர்ந்த சீனி நன்றாக உருகும். நுண்ணலைக்கோ உலர்ந்த சீனி ஏறக்குறையப் புலப்படாத பொருள். அதன் மூலக்கூறுகள் படிகத்துள் இறுகியிருப்பதால் அலைக்கு இசைந்து திரும்ப இயலாது. நெடுநேரம் ஒன்றும் நிகழாது. பின்னர் எங்கேனும் ஓரிடம் உருகும். உருகிய இடம் அலையை மிகுதியாக ஏற்கும். ஏற்பதால் மேலும் சூடாகும். சூடாவதால் மேலும் ஏற்கும். சுற்றிலும் வெண்சீனி கிடக்க நடுவில் மட்டும் கரிய பொட்டு ஒன்று புகைவதன் காரணம் இதுவே. இதற்கு மருந்து நீர். நீர் அலையை ஏற்றுச் சீனி முழுவதற்கும் வெப்பத்தைப் பகிர்ந்தளிக்கிறது.

இரண்டாவது தவறு இன்னும் நுட்பமானது. அதனைச் சிறு கணக்கொன்றினால் விளக்கலாம். நூறு கிராம் சீனியும் முப்பது மில்லிலீற்றர் நீரும் எடுத்துக்கொள்வோம். இக்கலவை கரமல் ஆவதற்கு வேண்டிய வெப்பத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல், நீரைச் சூடாக்கி ஆவியாக்குவதற்கே செலவாகிறது. ஆகவே முதல் சில நிமிடங்கள் பாகு நுரைத்துக் கொதிக்கும்; நிறமோ சிறிதும் மாறாது. பார்ப்பவருக்குப் பொறுமை குறைகிறது. இன்னும் இரண்டு நிமிடம் எனப் பொத்தானை அழுத்திவிட்டு வேறு வேலைக்குச் செல்கிறார். அதற்குள் நீர் தீர்ந்துவிடுகிறது. அதுவரை வெப்பத்தைத் தன்மேல் ஏற்றுக்கொண்ட காவலன் போய்விட்டான்; இனி வெப்பம் முழுவதும் சீனிக்கே. 800 வாற்று அடுப்பின் வலுவிற் பாதி வீணானாலும், நூறு கிராம் உருகிய சீனியின் வெப்பம் விநாடிக்கு ஏறத்தாழ இரண்டு பாகை உயரும். பக்குவத்துக்கும் பாழுக்கும் இடையே இருபது பாகை என்றால், இடைவெளி பத்தே விநாடி. நான்கு நிமிடம் வெண்மையாய் இருந்த பாகு, கதவைத் திறக்கும் நேரத்திற்குட் கருகுவதன் மர்மம் இதுதான்.

மூன்றாவது தவறு, அடுப்பு நின்றால் வெப்பமும் நின்றுவிடும் என எண்ணுவது. கதவைத் திறந்த கணமே அலை நின்றுவிடுகிறது என்பது உண்மை. ஆனாற் பாகினுள்ளும் தடித்த கண்ணாடிக் கிண்ணத்துள்ளும் தேங்கிய வெப்பம் எங்கும் போய்விடவில்லை. வெளியில் எடுத்த பின்னரும் நிறம் ஆழ்ந்துகொண்டே செல்லும். எனவே விரும்பிய நிறம் வருமுன்பே, தேனின் மஞ்சள் நிறத்திலேயே, நிறுத்திவிட வேண்டும். எஞ்சிய நிறத்தைக் கிண்ணமே தந்துவிடும்.

இம்மூன்றையும் உணர்ந்தால் முறை எளிது. வெப்பந் தாங்கும் கண்ணாடிக் கிண்ணம் ஒன்று வேண்டும்; பாகு பொங்குமாதலால், கலவையைப் போல் நான்கைந்து மடங்கு கொள்ளத்தக்கதாய் இருத்தல் நன்று. பிளாஸ்டிக் பாத்திரம் கூடாது. அவற்றுட் பல கரமலின் வெப்பத்தில் உருகிவிடும். பொன் அல்லது வெள்ளிக் கோடிட்ட பாத்திரமும் கூடாது; அது தீப்பொறி எழுப்பும். நூறு கிராம் சீனிக்கு இரண்டு மேசைக்கரண்டி நீர் சேர்த்து, எல்லாச் சீனியும் நனையுமாறு கலக்க வேண்டும். எலுமிச்சஞ்சாறு சில துளிகள் விட்டால் பாகு மீண்டும் படிகமாய் உறையாது. புளிப்பு, சீனியின் சோடியைப் பிரித்துவிடுவதே அதன் காரணம். பாகு காய்ச்சும் இனிப்புக்காரர் இவ்வுபாயத்தை நெடுங்காலமாக அறிவர்.

முதலில் இரண்டு நிமிடம் முழு வலுவிற் சூடாக்கிப் பார்க்க வேண்டும். பின்னர் அரை நிமிடம் அரை நிமிடமாகத் தொடரலாம். அடுப்பின் வலுவுக்கு ஏற்ப நேரம் மாறுமாதலால், கடிகாரத்தைவிடக் குமிழியைக் கவனிப்பதே நன்று. சிறிய, துள்ளும் குமிழிகள் நீர் மிகுதியைக் காட்டும். அவை பெரிதாகி, சோம்பலாய், பிசுபிசுப்புடன் வெடித்தால் நீர் தீரும் வேளை நெருங்கிவிட்டது. அதன்பின் பத்து விநாடிக்கு மேல் ஒரு தடவையும் விடலாகாது. மஞ்சட் சாயல் தென்பட்டதும் ஐந்து விநாடியே போதும். நிறம் ஒருபுறம் முந்தினாற் கரண்டியால் துழாவாது, தடித்த துணியினாற் கிண்ணத்தைப் பற்றி மெல்லச் சுழற்றுக. இடையில் மின்சாரம் தடைப்பட்டால் அஞ்ச வேண்டியதில்லை. உறைந்த பாகுக்கு ஒரு கரண்டி நீர் விட்டு மீண்டும் தொடங்கலாம். கருகிய பாகுக்கோ மீட்சி இல்லை.

எச்சரிக்கை ஒன்று எல்லாவற்றிலும் முக்கியமானது. கொதிநீர் உடலிற் பட்டால் வழிந்தோடும், கரமலோ ஒட்டிக்கொள்ளும். கொதிநீரைவிட எழுபது பாகை மிகுந்த வெப்பத்தோடு அது தோலிற் படிந்து நிற்பதால் புண் ஆழமாகிறது. குறுகிய லயன் சமையலறைகளிற் குழந்தைகள் தாயின் அருகிலேயே நிற்பர். கிண்ணத்தை வெளியில் எடுக்கும் அந்த நேரத்திலேனும் அவர்களை அப்பால் அனுப்ப வேண்டும். கரமலிற் பாலோ நீரோ சேர்ப்பதானால், அதைச் சூடாக்கிச் சிறிது சிறிதாக, கையை நீட்டி ஊற்ற வேண்டும். குளிர்ந்த நீர் விழுந்தாற் சீறி எழும் ஆவி முகத்தைத் தாக்கும். பாகு கையிற் பட்டுவிட்டால், உடனே ஓடும் குளிர்நீரில் இருபது நிமிடம் பிடிக்க வேண்டும். ஒட்டிய சீனியைப் பிய்த்தெடுக்கலாகாது. பற்பசை, எண்ணெய், பனிக்கட்டி எவையும் ஆகா. புண் பெரிதானாலும், குழந்தைக்கு நேர்ந்தாலும், மருத்துவரிடம் செல்லத் தாமதிக்கலாகாது.

வட்டவளைப் பக்கம் தீவின் மழை மிகுந்த இடங்களுள் ஒன்று. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் உப்பும் சீனியும் சாடியிலேயே கசிவதை றொசல்ல இல்லத்தரசிகள் அறிவர். கரமல் அதனினும் விரைவாக ஈரத்தை உறிஞ்சும். பளிங்குபோல் உறைந்த வில்லைகள் ஒரே இரவிற் பிசினாகிவிடும். ஆகவே அவ்வூரில் கரமலை உடனே புடிங் அச்சில் ஊற்றுவதோ, வெந்நீர் கலந்து பாகாக்கி இறுக மூடிய போத்தலில் வைப்பதோ சிறந்தது. வட்டிலப்பம் செய்வோருக்கு இச்சிரமம் இல்லை; கித்துள் கருப்பட்டி, பதநீர் காய்ச்சப்பட்டபோதே தன் நிறத்தையும் மணத்தையும் பெற்றுவிட்டது. வெண்சீனி அந்தப் பக்குவத்தை வீட்டில் பெற வேண்டியிருக்கிறது.

புதிய அடுப்பு சமையற்காரரின் கண்ணையும் மூக்கையும் தேவையற்றவையாக்கிவிடவில்லை. அவை விழித்திருக்க வேண்டிய நேரத்தை மட்டும் மாற்றியிருக்கிறது. விறகடுப்பிற் கவனம் தொடக்கம் முதல் இறுதி வரை பரந்திருந்தது. நுண்ணலை அடுப்பில் அது கடைசி அரை நிமிடத்துட் சுருங்கிவிட்டது. அந்த அரை நிமிடம் அடுப்பைவிட்டு அகலாதவருக்குக் கிண்ணத்திற் பொன்னிறம் கிட்டும்.