யப்பான் செல்வோர் போடவேண்டிய கணக்கு

யப்பானிலே ஊர் சுற்றப் புகையிரதமே சிறந்த துணை என்பது நம் துணிபு. 1964 ஒக்டோபர் முதலாம் நாள் ஷிங்கன்சென் என்னும் அதிவேகப் புகையிரதம் ஓடத் தொடங்கியபோது, டோக்கியோவிலிருந்து ஒசாக்காவை அடைய நான்கு மணி நேரம் சென்றது. இன்று இரண்டரை மணி நேரமே போதும்.

வெளிநாட்டார்க்கென எங்கும் ஏறியிறங்கத்தக்க பொதுச்சீட்டு ஒன்றுண்டு. அதனை வாங்கினாலே இலாபம் என நாம் எண்ணிவிடலாகாது. ஏழு நாட் சீட்டின் விலை 2023 ஒக்டோபரில் 29,650 யென்னிலிருந்து 50,000 யென்னாக உயர்ந்தது. டோக்கியோவிலிருந்து கியோத்தோ சென்று மீளவோ, தனிச்சீட்டுக்குச் சுமார் 28,000 யென்னே செலவாகும்.

ஆதலின், இவ்விரு நகர்களை மட்டும் காண்போர்க்குத் தனிச்சீட்டே சிக்கனம். தெற்கே கியூஷுத் தீவுவரை பல ஊர்களிலும் இறங்கிச் செல்வோர்க்கே பொதுச்சீட்டு நன்மை தரும். குடும்பமாகச் செல்லின், நட்டமும் தலைக்குத் தலை பெருகும். முதலில் செல்லும் ஊர்களைக் குறிப்போம்; பின்னர் சீட்டை வாங்குவோம்.