எங்க ஊரை வித்தவர் வீடு

செம்மண்டலத்தில் பஸ் ஏறி, பாண்டி, திண்டிவனம் என்று மாறி மாறி செஞ்சியில் இறங்கியபோது வெயில் மண்டையைப் பிளந்தது. ஆபீஸ் நண்பர்கள் மூணு பேரும் ராஜகிரி உச்சிக்குக் கிளம்பிவிட்டார்கள். சுமார் எண்ணூறு அடி! என் தொப்பை சம்மதிக்கவில்லை. அடிவாரத்தில் கல்யாண மஹாலில் ஒதுங்கிவிட்டேன்.

அரண்மனை இருந்த இடத்தில் இப்போது அடித்தளம்தான் மிச்சம். இந்தக் கோபுரம் மட்டும் நாயக்கர் காலத்திலிருந்து அப்படியே நிற்கிறது. சதுர முற்றம், சுற்றிலும் அறைகள், நடுவில் வளைவு வளைவாக அடுக்கி, உச்சியில் கூம்பு. மாடி எத்தனை என்று எண்ணினால் ஒருத்தருக்கு ஏழு வரும், இன்னொருத்தருக்கு எட்டு! மண்குழாய் வைத்து மேல் மாடிக்கே தண்ணீர் ஏற்றினார்களாம். (எங்க வீட்டில் மோட்டார் போட்டும் முதல் மாடிக்கு ஏற மாட்டேன் என்கிறது, சார்!)

செஞ்சி மேல் எனக்கு ஒரு பழைய கோபம் உண்டு. 1690-ல் தேவனாம்பட்டினம் கோட்டையை இங்கிலீஷ்காரனுக்கு விற்றது இங்கே இருந்த ராஜாராம்தான். வாங்கியவர் சென்னை கவர்னர் எலிஹு யேல். அமெரிக்காவில் யேல் யுனிவர்சிட்டி இருக்கிறதே, அந்த யேல்! எல்லையை எப்படி அளந்தார்கள் தெரியுமா? கோட்டையிலிருந்து பீரங்கியால் சுடுவது. குண்டு போய் விழும் தூரம் வரை எல்லாம் கம்பெனிக்கு. கடலூரே உள்ளே போச்சு! 'குண்டு கிராமங்கள்' என்ற பேர் அப்படி வந்ததுதான். பி.காம்.மில் எந்த வாத்தியாரும் சொல்லித் தராத அளவு முறை.

ஆனால் மஹால் நிழலில் உட்கார்ந்து கணக்குப் போட்டால் கோபம் இறங்குகிறது. விற்றபோது ராஜாராமுக்கு வயசு இருபது. சிவாஜியின் இளைய மகன். முந்தைய வருஷம்தான் அண்ணன் சாம்பாஜியை ஔரங்கசீப் கொன்றிருந்தார். இவர் மாறுவேஷத்தில் தப்பி இங்கே வந்தவர். விற்ற அதே வருஷம் மொகலாயப் படை செஞ்சியை வளைத்தது. 1698 வரை முற்றுகை! யுத்தச் செலவுக்குக் காசு வேண்டாமா? இருபது வயசில் நான் அரியர்ஸ் பேப்பருக்கே அப்பாவிடம் பணம் கேட்டுக்கொண்டிருந்தேன்.

கடைசியில் ராஜாராம் தப்பிவிட்டார், கோட்டை விழுந்தது. அவர் விற்ற கோட்டையும் தப்பவில்லை. 1758-ல் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்து இடித்துவிட்டார்கள். செஞ்சிக்கு மட்டும் 2025-ல் யுனெஸ்கோ பட்டியலில் இடம் கிடைத்தது, மராட்டியர் கோட்டைகள் பன்னிரண்டில் ஒன்றாக.

நண்பர்கள் நாக்குத் தள்ள இறங்கி வந்தார்கள்.

"இங்கேயே உட்கார்ந்து என்னடா பார்த்தே?"

"நம்ம ஊரை வித்தவன் வீட்டை."

"எவ்வளவுக்கு?" என்றான் எங்க ஆபீஸ் கேஷியர்.