சஸ்பென்ஷன் பாகம் வாங்குவோருக்குப் பில்லே காப்பு

கல்லும் குழியுமான தடத்தில் ஓடும் வண்டியில் அதிக அடி வாங்குவது சஸ்பென்ஷன்தான். ஷாக் அப்சார்பர், ஸ்பிரிங், புஷ், பால் ஜாயிண்ட் ஆகியவற்றில் ஒன்று தளர்ந்தாலும் பிரேக் பிடிக்கும் தூரம் கூடும்; வளைவில் வண்டி ஒதுங்கும். ஒரகடத்தில் தயாரான பழைய ரெனோ டஸ்டரின் உற்பத்தி நின்றுவிட்டது; மறைமலை நகர் ஃபோர்டு ஆலையின் கார் உற்பத்தியும் 2022இல் நின்றுபோனது. உற்பத்தி நின்ற வண்டிகளின் உரிமையாளர்கள் நாளடைவில் வெளிச்சந்தை பாகங்களை நாட வேண்டியிருக்கிறது.

தொழிற்சாலைகள் நிறைந்த ஒரகடம், மறைமலை நகர் பகுதியில் ஏமாற்றுவதற்கு வசதியான சொல் ஒன்று உண்டு: ‘கம்பெனிக்கே போகிற சரக்கு’. ஆலை பக்கத்தில் இருப்பது எந்தப் பெட்டிக்கும் சான்று ஆகாது. பெட்டியில் தயாரிப்பாளர் பெயரும் முகவரியும், பாக எண், பேட்ச் எண், எம்.ஆர்.பி. ஆகியவையும் இருக்க வேண்டும். பாகத்தின் மேல் பொறித்த எண்ணும் பெட்டி எண்ணும் பொருந்த வேண்டும்.

உழைக்கும் பாகத்தைத் தேர்வது வண்டி சுமக்கும் எடையிலிருந்து தொடங்குகிறது. வழக்கமாக இருவர் மட்டும் செல்லும் வண்டிக்குக் கனமான ஸ்பிரிங் போட்டால் சக்கரம் தரையைப் பற்றாமல் துள்ளும். நீண்ட கரட்டுப் பாதையில் ஷாக் அப்சார்பரின் எண்ணெய் சூடேறி, அதிர்வை அடக்கும் அதன் திறன் குறையும். ஒற்றைக் குழாய் வகை வெப்பத்தை விரைவில் வெளியேற்றும்; ஆனால் அதன் வெளிக்குழாய் கல் பட்டு நசுங்கினால் உள்ளே பிஸ்டன் சிக்கும். பாலியூரிதேன் புஷ் ரப்பரைவிட நீடிக்கும், அதிர்வைக் கூடுதலாகக் கடத்தும். ஒரே அச்சில் இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்ற வேண்டும். ரப்பர் புஷ் போல்ட்டை, வண்டியின் எடை சக்கரத்தில் இறங்கிய நிலையில்தான் இறுதியாக முறுக்க வேண்டும். வண்டி தொங்கும்போதே முறுக்கிவிடுவதால் நல்ல புஷ்ஷும் கிழிந்துபோகிறது. பழியோ பாகத்தின் மேல் விழுகிறது.

உயரத்தைக் கூட்டும் லிஃப்ட் கிட் வேறு வகை. அது வண்டியின் ஈர்ப்பு மையத்தை உயர்த்தும். அச்சுமுனை மூட்டுகளின் கோணத்தையும் ஹெட்லைட் ஒளி விழும் இடத்தையும் மாற்றும். பிரேக் குழாயை இழுக்கும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவின்படி, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிசெய்தது. அனுமதியில்லாமல் பாகங்களைப் பொருத்தி வண்டியை மாற்றும் உரிமையாளருக்கு, 182ஏ பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறையோ, ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். தேய்ந்ததை அதே அளவில் மாற்றுவது பராமரிப்பு. அளவை மாற்ற நினைப்பவர் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் முன்கூட்டியே எழுத்தில் கேட்பதும், காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவிப்பதும் அவசியம். தெரிவிக்காத மாற்றத்தைக் காட்டி இழப்பீட்டுக் கோரிக்கையை நிறுவனம் மறுக்கக்கூடும்.

பாகம் உடைந்தால் துணை நிற்பது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019. பில் தராமல் விற்பதையே அது நேர்மையற்ற வணிகமுறை என்கிறது. ‘ஜி.எஸ்.டி. இல்லாமல் போட்டுத் தருகிறேன்’ என்ற பேரத்தில் மிச்சமாகும் பணம், பின்னால் வழக்காடத் தேவையான ஆதாரத்தைப் பறித்துவிடும். குறையுள்ள பொருளால் உடலுக்கோ உடைமைக்கோ தீங்கு நேர்ந்தால், தயாரிப்பாளரிடம் இழப்பீடு கேட்கலாம். தயாரிப்பாளர் யாரென்றே தெரியாவிட்டால் விற்ற கடைக்காரரே பொறுப்பாளி. பொருளைத் தவறாகப் பயன்படுத்தியிருந்தாலோ மாற்றியமைத்திருந்தாலோ கடைக்காரர் மீது இந்த வழக்கு நிற்காது. எனவே ஸ்பிரிங்கை வெட்டி, வெல்டிங் வைத்துப் பொருத்தச் சம்மதிக்கக் கூடாது.

உடைந்த பாகத்தை ஒர்க்‌ஷாப்பில் விட்டுவிடாமல் எடுத்துவைக்க வேண்டும்; தேவைப்பட்டால் நுகர்வோர் ஆணையம் அதை ஆய்வகத்துக்கு அனுப்பும். முதலில் கடைக்கும் தயாரிப்பாளருக்கும் எழுத்தில் புகார், அடுத்து தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். வாங்கியவர் வசிக்கும் மாவட்டத்திலேயே மனு தரலாம்; செலுத்திய தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் இல்லை. வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் மனு தாக்கலாக வேண்டும்.