சாட்சியற்ற இடத்தில் சாட்சியாகும் கடவுள்
மாற்றுத் திறனுடைய பெண்களின் பாதுகாப்பும் திருச்சபையின் பொறுப்பும்

லேவியராகமம் 19ஆம் அதிகாரம் 14ஆம் வசனம், காது கேளாதவரைப் பழிப்பதையும், பார்வையற்றவர் வழியில் தடை வைப்பதையும் விலக்குகின்றது. இவ்விரு குற்றங்களுக்கும் பொதுத் தன்மை ஒன்று உண்டு. பழிக்கப்பட்டவர் பழிப்பைக் கேட்பதில்லை. இடறியவர் தடை வைத்தவனைக் காண்பதில்லை. தனக்கு எதிராகச் சாட்சியில்லை என்னும் துணிவிலேயே குற்றவாளி இதனைச் செய்கின்றான். ஆதலால்தான் அவ்வசனம் கடவுளுக்கு அஞ்சுமாறு கட்டளையிட்டு முடிகின்றது. மனிதர் சாட்சியில்லாத இடத்தில் கடவுளே சாட்சியாக நிற்கின்றார்.

பருத்திப்பட்டில் வாழும் எமக்கு அயனாவரம் தொலைவான ஊரன்று. அங்குள்ள அடுக்குமாடிக் குடியிருப்பொன்றில் செவிப்புலன் குறைபாடுடைய சிறுமி ஒருத்தி, அங்கே பணிபுரிந்தவர்களால் பல மாதங்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாக்கப்பட்டமை 2018 ஜூலையில் வெளிப்பட்டது. பதினேழு பேர் கைதாயினர். 2020 பிப்ரவரியில் சென்னைச் சிறப்பு நீதிமன்றம் 15 பேரைக் குற்றவாளிகள் எனத் தீர்த்தது. சாட்சி சொல்ல இயலாதவள் என அவர்கள் எண்ணிய சிறுமியே சாட்சியானாள்.

இத்தகைய சாட்சியம் குறைவுடையதன்று என்பதை உச்ச நீதிமன்றமும் உறுதிப்படுத்தியுள்ளது. ஆந்திர மாநிலத்தில் 2011இல் வன்கொடுமைக்குள்ளான, பிறவியிலேயே பார்வையற்ற பட்டியலினப் பெண், குற்றவாளியைக் குரலால் அடையாளம் காட்டினார். 2021 ஏப்ரலில் பட்டான் ஜமால் வலி வழக்கில் அந்நீதிமன்றம் அதனை ஏற்றுத் தண்டனையை உறுதிசெய்தது. உலகோடு வேறு விதமாக உறவாடுகின்றார் என்பதற்காக ஒருவருடைய சாட்சியத்தைத் தாழ்த்தலாகாது என்பது அத்தீர்ப்பின் சாரம். பால், சாதி, உடற்குறை ஆகியவை ஒருவர்மேல் ஒருங்கே சுமத்தப்படும் பாரத்தையும் அது விளக்கிற்று.

லூக்கா 13ஆம் அதிகாரத்துக் கூனியான பெண்ணை நோக்குவோம். பதினெட்டு ஆண்டுகள் நிமிர இயலாதிருந்த அவரை இயேசு சபையின் நடுவே அழைத்தார். ஆபிரகாமின் வழித்தோன்றல் என்னும் உரிமையைப் பலரறிய வழங்கினார். அவர்மீது இரக்கம் காட்டியதோடு அமையாது, சபையில் அவருக்குரிய இடத்தையும் மீட்டளித்தார். அதிகாரமளித்தல் என நாம் இன்று கூறுவது இதுவே. நம் பிரசங்கங்களோ பலவேளைகளில் உடற்குறையைப் பாவத்தின் பலன் எனவும், சுகம் பெறாமையை விசுவாசக் குறைவு எனவும் பேசிவிடுகின்றன. தன்மேல் குற்றம் சுமத்தும் பீடத்தை நோக்கி, காயமுற்ற பெண் எங்ஙனம் வருவாள்?

நம் முன்னோர் வேறு வழி காட்டினர். பாளையங்கோட்டையில் 1890இல் ஆஸ்க்வித் அம்மையார் பார்வையற்றோர்க்கும், 1897இல் புளோரன்ஸ் சுவெய்ன்சன் அம்மையார் காது கேளாதோர்க்கும் பள்ளிகள் நிறுவினர். மொழியும் எழுத்தும் பெற்றவர் தமக்கு நேர்ந்ததைத் தாமே எடுத்துரைக்கும் ஆற்றலையும் பெறுகின்றார்.

இன்று ஆயர்கள் செய்யத்தக்கவை சில உள. முதலாவது, சட்டத்தை அறிதல். பதினெட்டு வயதிற்குட்பட்டோர்மேல் பாலியல் குற்றம் நிகழ்ந்ததை அறிந்த எவரும் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டுமென 2012ஆம் ஆண்டுப் போக்சோ சட்டம் கட்டளையிடுகின்றது. தவறினால் தண்டனை உண்டு. இதில் ஆயருக்கு விலக்கில்லை. குடும்ப மானம் கருதித் திருச்சபை அறைக்குள் சமரசம் பேசுதல், தாமாரை மௌனமாயிருக்கச் சொன்ன அப்சலோமின் வழியாகும். வயதுவந்த பெண்ணாயின், முடிவு அவருடையது. அவருக்காக நாம் முடிவெடுத்தல் மற்றொரு வன்முறை.

இரண்டாவது, உடன் செல்லுதல். பாலியல் குற்றங்களில் மாற்றுத் திறனுடைய பெண்ணின் புகாரை அவர் இல்லத்திலோ அவருக்கு வசதியான இடத்திலோ, மொழிபெயர்ப்பாளர் அல்லது சிறப்புக் கல்வியாளர் உடனிருக்க, ஒளிப்பதிவுடன் பெற வேண்டுமென்பது 2013 முதல் சட்டம். 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்திலும் அது நிலைத்துள்ளது. இவ்வுரிமையைக் கேட்டுப் பெற ஒருவர் துணை வேண்டும். மகளிர்க்கு 181, குழந்தைகளுக்கு 1098 என்னும் எண்களை ஆலய அறிவிப்புப் பலகையில் எழுதிவைப்போம்.

மூன்றாவது, கேட்கக் கற்றல். சைகை மொழி அறிந்த பெண்கள் இருவரேனும் ஒவ்வொரு சேகரத்திலும் இருத்தல் வேண்டும். இறையியல் மாணவர் எபிரேயமும் கிரேக்கமும் பயில்கின்றனர். நம் சபையின் கடைசி இருக்கையில் அமர்ந்திருக்கும் மகளின் மொழியையும் அவர்கள் பயிலலாகாதா?

மாற்கு 5ஆம் அதிகாரத்தில், நடுக்கத்தோடு வந்த பெண் தன் உண்மை முழுவதையும் சொல்லி முடிக்கும்வரை ஆண்டவர் நின்று கேட்டார். அவர் அவசரமாகச் சென்றுகொண்டிருந்த வேளை அது. நாமும் நிற்போமாக.